தவிட்டு விலை

பிள்ளைக்குப் பசிக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பால் குடிக்கவேண்டிய பிள்ளை மூன்றரையாகியும் எழும்பாமல் கிடந்தாள். சிவாஜினி தூக்கி மார்போடு அணைத்தபோது வாயைத் திறக்காமல் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வயிறு நிறைந்து உருண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு வாசம். பாலின் புளிப்பு இல்லை. பெருஞ்சீரகத்தைப் பாகில் காய்ச்சினால் வருமே, அந்த இனிப்பு, அடியில் ஏதோ கசப்பு. வீட்டில் பெருஞ்சீரகம் தீர்ந்து ஒரு கிழமையாகிறது.

ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக வேலை செய்யும் கணவன் இந்திரகுமாருக்குப் போன் எடுத்தாள்.

“என்னப்பா, பிள்ளைக்கு நீங்கள் ஏதும் குடுத்தனீங்களோ?”

“நான் விடியவே வெளிக்கிட்டுட்டன். என்னத்தைக் குடுக்கிறது?”

“குடிக்கிறாள் இல்லை. நித்திரையாவே கிடக்கிறாள்.”

“நித்திரை கொண்டால் நல்லதுதானே. நீரும் கொஞ்சம் படும். பிரேக் முடியுது, வைக்கிறன்.”

ஆம்பிளைகளுக்குத் தூங்குகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. சிவாஜினிக்கு அப்படியில்லை. முந்திய இரண்டும் தூக்கத்திலேயே போனவை. ஒன்று பதினொரு நாள், மற்றது மூன்று மாதம். இதையும் பறிகொடுத்தால் தன்னால் திரும்ப எழும்பி நிற்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் போன மாதம், பிறந்த முப்பத்தோராம் நாள், பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றார்கள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற முறை அது. ஒரு கைப்பிடி தவிட்டுக்கு அயலவருக்கு விற்று, பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வது. இது பெற்ற பிள்ளையில்லை, வாங்கின பிள்ளை என்று காலன் ஏமாந்து போவான். வாங்குவதற்கு மெல்பேர்னின் மறுகோடியில், ரோவிலிலிருந்து சிநேகிதி யோகா வருவதாக இருந்தது. அவளுடைய மகனுக்குக் காய்ச்சல், வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் மாமி, “நல்ல நேரம் போகுது, ஆரெண்டாலும் வாங்கட்டும்” என்று நெருக்கினாள். கார்ல்டனில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்து, அந்தப் பின்ஒழுங்கைக்கு ஆர் வருவார்? இந்திரகுமார் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ஓட்ஸ் தவிட்டில் ஒரு பிடியைக் கோப்பையில் போட்டு, வாங்குகிறவர் தரும் விலையாகப் பின்படியில் வைத்தான். பக்கத்தில் பிள்ளையைக் கிடத்தி, வெறும் ஒழுங்கையைப் பார்த்து, “வேணுமெண்டவை எடுங்கோ” என்றான். பிறகு பிள்ளையையும் தவிட்டையும் உள்ளே கொண்டுவந்தார்கள். திருப்பிக் கொடுக்க ஆளில்லை. வீணாக்குவானேன் என்று மறுநாள் அவன் அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தும்விட்டான். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மனதைத் திருப்ப, பிள்ளையை மடியில் வைத்தபடி லாப்டொப்பைத் திறந்தாள். நூலகம் இணையத்தில் ஏற்றிய பழைய மெல்பேர்ன் பத்திரிகைகளில், கணினி பிழையாக வாசித்த வரிகளைத் திருத்துவது அவளுடைய பொழுதுபோக்கு. விக்டோரியா மகாராணி காலத்து ஊர்வம்பு என்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். இரண்டு நாளாக 1893ஆம் ஆண்டு வழக்கொன்று. மிசிஸ் ஹார்கின் என்பவள், மணமாகாத வேலைக்காரிகளின் குழந்தைகளை வளர்ப்பதாக விளம்பரம் போட்டு, ஒரேயடியாக ஒரு தொகையும் பெற்றுக்கொண்டு அவற்றை வாங்கியிருக்கிறாள். வாங்கினவை பிறகு தரைக்குக் கீழே கிடந்தன. நகரமே கொதித்தது. பாதிரிமார் பிரசங்கம் செய்தார்கள். பெண்களின் ஒழுக்கம் கெட்டதே காரணம் என்று ஆசிரியத் தலையங்கம் வந்தது. தெருவில் அவளைப் பற்றிய பாட்டு ஒரு பென்னிக்கு விற்றது. கையில் துணிப்பொதியோடு அவளை மெழுகில் செய்து நிறுத்த, சனம் டிக்கெட் எடுத்துப் பார்த்தது. பிள்ளையைத் தேடி மட்டும் ஒரு தாயும் வரவில்லை. வந்தால் அவள் பெயரும் பத்திரிகையில் ஏறுமே. அந்தத் தாய்மாரை நினைக்கச் சிவாஜினிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இன்றைய பக்கத்தில் அயல்வீட்டுக்காரியின் சாட்சியம் இருந்தது. அந்த வீட்டில் குழந்தை அழுது நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெருஞ்சீரக மருந்து புகட்டுவாள், நாள் முழுதும் தூங்கும். எல்லாம் பின்ஒழுங்கையால்தான். யார் படியில் கொண்டுவந்து வைத்தாலும் எடுத்துக்கொள்வாள்.

அடுத்த வரி குழம்பிக் கிடந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். தெருப் பெயர். வீட்டு இலக்கம்.

ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று அவர்கள் வாடகைக்கு எடுத்த, இதே செங்கல் வீடு.

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தமும், எங்கோ தூரத்தில் டிராம் வளைவில் கிறீச்சிடுகிற சத்தமும், குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் இருந்தபடியே இருக்க, அவற்றுக்கு அடியில், குசினிப் பக்கமாக, கண்ணாடிக் குவளையில் கரண்டியால் எதையோ மெல்லக் கலக்குகிற சத்தம் கேட்டது. பெருஞ்சீரக வாசம் நடைவழியால் வந்தது.

கரண்டிச் சத்தம் நின்றது.

மடியில் பிள்ளை கண்ணைத் திறக்காமலே அந்தப் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். காத்திருந்தாள்.

சிவாஜினிக்கு அப்போதுதான் விளங்கியது. விலையை வாங்கித் தின்றாயிற்று. பிள்ளையைத் திருப்பி வாங்கவேயில்லை.

பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். ஒருவருமில்லை. அலுமாரியைத் திறந்தாள். தவிட்டுப் பக்கற். வாயால் கிழித்தாள். பின்கதவைத் திறந்து, படியில் தலைகீழாகக் கொட்டினாள்.

“இந்தாங்கோ உங்கட தவிடு! எடுங்கோ! எனக்குப் பிள்ளையைத் தாங்கோ!”

கதவை அடித்துப் பூட்டினாள். முதுகைக் கொடுத்து நின்றாள்.

வாசம் போய்விட்டது.

பிள்ளை வீரிட்டு அழுதாள். விடிந்ததிலிருந்து கேளாத, பசித்த பிள்ளையின் அழுகை. சிவாஜினி சிரித்தபடி அழுதாள். நிலத்தில் சரிந்து உட்கார்ந்து மார்பைக் கொடுத்தாள். பிள்ளை கவ்விக் குடித்தாள்.

ஆனால் அழுகை நிற்கவில்லை.

குனிந்து பார்த்தாள். பிள்ளையின் வாய் நிறையப் பால். அழுகை கீழேயிருந்து வந்தது. தரைப் பலகைக்குக் கீழே. ஒன்று. சுவரோரம் இன்னொன்று. முற்றத்தில், மழைக்குள், மற்றவை.

ஒரு பிள்ளைக்கு ஒரு பிடிதான் விலை. அவள் முழுப் பக்கற்றையும் கொட்டியிருந்தாள்.

கதவின் அடியில் தட்டினார்கள். மெத்தென்ற, ஈரமான உள்ளங்கைகள். நிறைய. “வேண்டாம்,” என்றாள். “நான் இல்லை. உங்கட அம்மா நான் இல்லை.” அழுகை கூடியது. கூடக் கூட, அவள் பல்லைக் கடித்தும் கேளாமல், பால் சுரந்தது. சட்டை நனைந்து நிலத்தில் சொட்டியது.

பூட்டின கதவு திறந்தது.

சேறு பூசிய ஒரு சின்னக் கை நிலைப்படியைத் தாண்டி வந்தது. சொட்டின பாலைத் தடவியது. தன் வாய்க்குக் கொண்டுபோனது.