பல் கட்டிய கூடை

நடைப்பக்கமிருந்து பிள்ளைக்கூடை குலுங்கும் சத்தம் கேட்டது. கலக், கலக். சமையலறையில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்த உதயகுமாரியின் கை அப்படியே நின்றது. குலுங்கினால் சத்தம்போட அந்தக் கூடையில் இப்போது ஒன்றுமே இல்லை. இருந்ததையெல்லாம் போன சனிக்கிழமை அவளேதான் வெட்டி எறிந்திருந்தாள்.

கூடையைத் தந்தவள் மேல்மாடி ஊசுன். போர்னியோவின் தயாக் சனத்தில் பிறந்து, நோர்வேக்காரனைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தவள். தன் இரண்டு பிள்ளைகளையும் முதுகில் சுமந்த கூடையை, மணிகோத்த முகமும் விளிம்பில் தொங்கிய கரடிப் பற்களுமாக, கோயில் சாமானைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

“பிள்ளையின் உயிர் இன்னும் உடம்போடு ஒட்டவில்லை. இதற்குள்தான் குந்தியிருக்கும். பற்கள் சத்தம்போட்டால் வேறெதுவும் அந்த இடத்துக்கு வராது,” என்றாள், இருவருக்கும் பொதுவான நோர்வேஜிய மொழியில்.

பிறகு உதயகுமாரியின் மகள் யாழுக்கு முதல் பல் முளைத்தது. பிள்ளையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் சடங்குக்கு ஆட்கள் வருமுன் மச்சாள் விமலாதேவி கூடையைக் கண்டு முகம் சுளித்தாள்.

“என்னடியப்பா உது, பிள்ளைக்கு மிருகத்தின்ரை பல்லு! சனம் கண்டால் என்ன கதைக்கும்?”

உதயகுமாரிக்கு மானமே போனதுபோல் இருந்தது. கத்தரிக்கோலால் அத்தனையையும் வெட்டிக் குப்பைக்குழாயில் போட்டாள். அவை மாடி மாடியாகக் கலகலத்துக்கொண்டு கீழே போயின. அன்றிலிருந்து யாழ் பாலுக்குக்கூட வாயைச் சரியாகத் திறப்பதில்லை.

நேற்று மின்தூக்கியில் ஊசுன் விசாரித்தாள்.

“பல்லுச் சத்தமே கேட்பதில்லையே. பிள்ளையை நீ சுமப்பதில்லையா?”

“அவளுக்குச் சளி. படுக்கையில்தான்,” என்று வாய் கூசாமல் சொன்னவள், வீட்டுக்கு வந்து வெட்கத்தில் குறுகிப்போனாள்.

கலக்.

பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்பே அவர்கள் குடியிருந்த ரொம்சோஸ் புறநகர் இருண்டுவிடும் மார்கழி. நடையில் லைட்டைப் போட்டாள். கூடை அசையாமல் தொங்கியது. விளிம்பில் வெட்டுண்ட நூல்கள். ஈர மிருகத்தின் வாடை. அறையில் யாழ் விழித்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

“இனி ஒளிக்கேலாது பிள்ளை,” என்றாள் உதயகுமாரி. “போய்ச் சொல்லுவம்.”

பிள்ளையைக் கூடையில் இருத்தி, முதுகில் மாட்டிக்கொண்டு மேல்மாடிக்குப் படியேறினாள். நடந்ததைச் சொல்லிவிட்டால் ஊசுன் ஏதாவது வழி சொல்லுவாள். காலில் விழவேண்டுமென்றால் விழலாம், யாழ் தப்பினால் போதும்.

கலக்.

பிடரிக்குப் பின்னால்.

நின்றாள். சத்தம் நிற்கவில்லை. கழுத்தில் சூடான மூச்சு. திரும்பிப் பார்க்கப் பயம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்த ஊசுனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “படியில் வரும்போதே கேட்டது! பற்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, என்ன?”

சொல்ல வேண்டியது நாக்குநுனிவரை வந்தது. வெட்கம் விடவில்லை.

“பத்திரமாக இருக்கின்றன,” என்றாள்.

முதுகில் யாழ் சிரித்தாள்.

ஊசுனின் முகம் வெளுத்தது. சுவரோடு ஒதுங்கினாள். அவள் விலகியதும் பின்னால் ஆளுயரக் கண்ணாடி தெரிந்தது. அதில், உதயகுமாரியின் தோளுக்கு மேலே, பிள்ளையின் வாய் அகலத் திறந்திருந்தது. உள்ளே பழுப்பேறிய நீளப் பற்கள். ஒன்றோடொன்று முட்டிக் கலகலத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துளை. ஒவ்வொரு துளையிலும் அவள் வெட்டிய நூல்.