இரண்டாவது கூப்பாடு

ஜெகதாப்பட்டினத்திலிருந்து நண்டு வலைக்குப் போன பைபர் படகில் மூன்றே பேர். இன்ஜினைப் பிடித்தவன் முத்துராஜ். வலை இழுப்பவர் வீரய்யா. மூன்றாவது ஆள் வெள்ளைச்சாமி, முத்துராஜின் தங்கையைக் கட்டியவன். தீவு தீவாகப் போய் வலை எடுத்துக்கொண்டிருந்தவர்களை விடிந்ததும் பனிமூட்டம் மறித்தது. பேர் தெரியாத ஒரு மணல் திட்டில் படகை ஒதுக்கினார்கள். நாலு புதர், அழுகிய பாசி நாற்றம், அவ்வளவுதான். அதைத் தீவு என்று சொன்னால் நிஜத் தீவுகள் கோபித்துக்கொள்ளும்.

"மாப்ள, அங்கிட்டு பொதரு மறவுல போய்க் குடிச்சிட்டு வாங்க. வீரய்யாண்ணே பாத்தா திட்டுவாரு."

முத்துராஜே மடியிலிருந்து குவார்ட்டரை எடுத்துக் கொடுத்தான். வெள்ளைச்சாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மச்சான் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆளில்லாத தீவிலிருந்து கிளம்பும்போது அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினில் இருப்பவன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். ஏறியவன் "ஏறியாச்சு" என்பான். பதில் வராவிட்டால் இறங்கிப் போய்த் தேட வேண்டும். இரண்டாவது தடவை மட்டும் கூப்பிடவே கூடாது. அதற்குப் பதில் சொல்வது யாராகவும் இருக்கலாம்.

"வீரய்யாண்ணே!"

"ஏறியாச்சு."

"வெள்ளைச்சாமி!"

புதர் மறைவில் நின்ற வெள்ளைச்சாமியின் வாயில் சரக்கு இருந்தது. விழுங்கிவிட்டு நிதானமாகப் போகலாம் என்று நினைத்தான். எப்படியும் மச்சான் தேடி வருவான்.

காற்று நின்றது. அலைச் சத்தமும் நின்றது.

"வெள்ளைச்சாமி!"

மறுபடியும் கூப்பிட்டுவிட்டான்.

"ஏறியாச்சு."

பதில் படகிலிருந்து வந்தது.

அவனுடைய குரல். நாலு நாளாக அவன் தொண்டையில் கட்டியிருந்த சளியோடு, அவனுடைய குரல்.

இன்ஜின் உறுமியது. "மச்சான்! நான் இங்கிட்டு நிக்கிறேன்டா!" என்று அலறிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஓடினான். பனி கொஞ்சம் விலகியது. படகில் மூன்று பேர் இருந்தார்கள். முத்துராஜ் திரும்பி அவனை நேருக்கு நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பக்கத்தில், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு முதுகு. வெள்ளைச்சாமி போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை.

அன்று முழுக்க அந்தத் திட்டில் அவனுக்கு வயிறு எரிந்தது. ஏறிப் போனது பேயோ பிசாசோ, அது கூட ஆறிவிடும். மச்சான் பார்த்த பார்வைதான் ஆறவில்லை. கூடவே இருந்து கழுத்தை அறுத்துவிட்டான், பாவி.

மறுநாள் மதியம் வேறு ஊர்ப் படகு ஒன்று அவனை ஏற்றிக்கொண்டது. கரை நெருங்கி டவர் கிடைத்ததும், படகுக்காரரின் போனை வாங்கி மனைவி பிரகதீஸ்வரிக்குப் போட்டான்.

"நான்தான் பேசுறேன். ஒங்கண்ணன் என்னயத் தீவுல விட்டுட்டு ஓடிட்டான்டி. வீட்டுக்கு எதுவும் வந்துச்சா? உள்ள விட்றாத! புள்ளயத் தூக்கிட்டு வெளிய ஓடு!"



"தெரியும்ங்க," என்றாள் மெதுவாக. "அண்ணன் வந்ததுமே சொல்லிருச்சு."

"தெரியுமா?"

"அது நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன். துடிப்பே இல்ல. எத்தன தடவ தொடச்சாலும் ஒடம்பு காய மாட்டேங்குது. பாசி நாத்தம்."

"அப்பறம் ஏண்டி உள்ள வச்சிருக்க?"

"எம்மேல கை நீட்ட மாட்டேங்குதுங்க."

வெள்ளைச்சாமி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நீங்க இங்கிட்டு வராதீங்க," என்றாள். போனைக் கட் பண்ணாமலே எங்கோ வைத்துவிட்டுப் போனாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கால்கள் தரையில் அப்பி அப்பி நடந்தன.

"காவ்யா, சாப்புட வா தாயி," என்றது அவன் குரல்.

மகள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை.