ஹேமாவதி எடுத்த பெட்டி

காந்தா டீச்சர் வாடகைக்கு இருந்த பழவேற்காட்டு வீட்டின் முன் ஹேமாவதியும் அவள் கணவன் பிரவீனும் பைக்கில் வந்து இறங்கியபோது பகல் பதினொரு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் தரை ஈரம். இரண்டு முழம் கனத்த சுவர்கள். மூலையிலிருந்து ஏரிச்சேற்றின் வாடை.

அவர்கள் மகள் தேஜு செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காணும் பொங்கலன்று முகத்துவாரத்தில் அப்பன் கையைப் பிடித்து நின்ற ஆறு வயதுக் குழந்தை. போன் அடித்தது. பிரவீன் கையை விட்டான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஹேமாவதி அவனிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. ஏதாவது கற்றுக்கொண்டால் மனசு திரும்பும் என்று பொன்னேரி டாக்டர் சொல்லியிருந்தார். வாத்தியம் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு அவள் தலையாட்டியதே பிரவீனுக்குப் பெரிய விஷயம்.

காந்தா டீச்சர் பாய் விரித்து வாத்தியங்களை எடுத்து வைத்தாள்.

"ஒவ்வொண்ணா எடுத்துப் பாரும்மா. எது உன்னுதுன்னு கைக்கே தெரியும்."

ஹேமாவதி வீணையை மடியில் வைத்தாள். குழந்தையைக் கிடத்தியது போலிருந்தது, உடனே இறக்கிவிட்டாள். வயலின் கம்பியில் வில் கீச்சிட்டது. புல்லாங்குழலில் வெறும் காற்றுதான் வந்தது.

"மூலையில துணி மூடிக்கீதே, அது இன்னா?"

டீச்சரின் முகம் சுருங்கியது. "ஆர்மோனியம். நான் வர்றதுக்கு முன்னாலேந்தே இங்க இருக்குது. நான் தொடறதில்ல. அது வோணாம்மா."

ஒரு தடவைதான் சொன்னாள்.

ஹேமாவதி துணியை விலக்கி உட்கார்ந்தாள். இடது கையால் துருத்தியை அமுக்கி, ஒரு கட்டையில் விரல் வைத்தாள்.

"அம்மா," என்றது பெட்டி.

தேஜுவின் குரல்.

பிரவீனுக்கு வெறும் சுருதிதான் கேட்டது. லேசாக இருமினான். டீச்சர் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"இதான் வோணும்," என்றாள் ஹேமாவதி.

"எடுத்துக்கினு போங்க. திருப்பித் தர வோணாம்."

அவர்கள் படியிறங்கும் முன்பே உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சுண்ணாம்புக்குளத்தில் அவர்கள் வீடு. பிரவீன் வயலுக்குப் போனதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியின் முன் உட்காருவாள். கட்டைக்குக் கட்டை குழந்தை பேசியது. அம்மா, இருட்டா இருக்குது. அம்மா, குளுருது. துருத்தி நின்றால் பேச்சும் நின்றுவிடும். அதனால் அவள் நிறுத்தவில்லை. சோறு வடிக்காமல், தலை வாராமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

முதல் வாரம் பிரவீனுக்கு இருமல். இரண்டாம் வாரம் வரப்பில் நாலு அடி நடந்து உட்கார்ந்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஒருநாள் மதியம், வயலுக்குப் போக முடியாமல் அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தான்.

அவள் துருத்தியை அமுக்கினாள். அவன் மார்பு உள்ளே ஒட்டியது.

விட்டாள். மார்பு எழுந்தது.

வேகமாக அமுக்கிப் பார்த்தாள். அவன் உதடு நீலமாக மாறியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்கும் புரிந்தது.

"ஹேமா... போதும்மா."

அவள் விரலுக்கு அடியில் குழந்தை அழுதது. "அம்மா, நிறுத்தாத. நிறுத்துனா நான் திரும்பத் தண்ணிக்குள்ள போயிடுவேன்."

"உனக்குக் கேக்குதா?" என்றாள் ஹேமாவதி. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. "என் பொண்ணு பேசறா."

"எனக்கு ஒண்ணும்... மூச்சு முடியல ஹேமா."

"அவளுக்குந்தான் முடியாம இருந்திச்சு."

அவள் குரலில் கோபமே இல்லை. இடது கை தன் போக்கில் போய்வந்தது. பிரவீன் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். அவள் உதறவில்லை. நிறுத்தவும் இல்லை. ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறும்வரை அவன் விரல்கள் அவள் கணுக்காலில் இறுகியிருந்தன.

பிறகு தளர்ந்தன.

வீட்டில் அசைவில்லை. அவள் குனிந்து பெட்டியருகே கிசுகிசுத்தாள்.

"தேஜு, இனிமே யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க. பேசுடா."

கட்டையை அமுக்கினாள்.

பெட்டி சிரித்தது. சளி கட்டிய, வயதான சிரிப்பு.

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டது.

மாரடைப்பு என்று ஊர் நம்பியது. ஹேமாவதி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிரவீன் உயிர் போனது அந்தப் பெட்டியின் முன்தான் என்ற ஆத்திரத்தில் அவன் தம்பி தீனா அதைக் கோடாலியால் பிளந்து கொல்லையில் எரித்தான். சாம்பலை வாரி ஏரியில் கொட்டினான்.

மூன்றாம் நாள் காலை. செத்த வீட்டில் அவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தீனா அவள் எதிரில் வந்து நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணி, இப்டியே கீறியே. வாய்விட்டு அழுதுடு அண்ணி."

அவள் தலை நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

அழுகை வரவில்லை.

நீளமாக ஒரே ஒரு சுருதி வந்தது.

உதடும் நாக்கும் அசையவில்லை. வாயை மூட இரண்டு கையாலும் தாடையை அழுத்தினாள், முடியவில்லை. சுற்றியிருந்த பெண்கள் பதறி எழுந்தார்கள்.

தீனா மட்டும் நகரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவள் எதிரில் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தான்.