கேமராவை மட்டும் விட்டுடாதீங்க

கேமரா சூடாக இருந்தது.

இரண்டு இரவு மலைச்சரிவில், பனி சொட்டும் முட்புதருக்குள் கிடந்த பொருள் அது. தேடப் போனவர்கள் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தக் கறுப்புப் பெட்டி, யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்து இப்போதுதான் மேசையில் வைத்ததுபோல இளஞ்சூடாக இருந்தது. அதன் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது என்பது பைலட்டுக்குத் தெரியும். அதை மாற்றி மாற்றிப் போடுகிறவன் அவன்தான்.

“வெயில்ல கிடந்திருக்கும்,” என்றார் முதலாளி.

காலையிலிருந்து வெயிலே இல்லை.

முதலாளி பெட்டியை விளக்குக்கு நேராகத் திருப்பி லென்ஸைப் பார்த்தார். “மலையிலேருந்து தூக்கிப் போட்டாலும் உடையாதுன்னு கடைக்காரன் சொன்னான். சும்மா அளக்குறான்னு நினைச்சேன். ஒரு கீறல்கூட இல்ல பாரு.” சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சாத்தியிருந்த முன்கதவைப் பார்த்தார். அதற்கு அப்பால், வராந்தா பெஞ்சில், அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார்.

குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குக் காலையில விசாரணைக்கு வர்றாங்க. நீ முதல்ல பாரு. நல்லா இருந்தா குடுத்துடலாம். நல்லா இல்லைன்னா, கேமரா கிடைக்கவே இல்ல. அவ்வளவுதான்.”

“தேடிப் போனவங்க சொல்லிட்டா?”

“அவங்க வாய்க்கு நான் பொறுப்பு. உன் கைக்கு நீ பொறுப்பு.” பின்கதவு வழியாக வெளியேறினார். ஜீப்பின் சத்தம் வளைவுகளில் இறங்கி, தேய்ந்து, இல்லாமல் போனது.

மலையுச்சியிலிருந்து ஆட்களைத் தனக்கு முன்னால் கட்டிக்கொண்டு பாராகிளைடரில் பறந்து, கீழே இந்த அலுவலகத்துக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் இறக்குவது அவன் தொழில். முந்தாநாள் காலையில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஓடிக் குதித்தான். இறங்கும்போது தனியாக இறங்கினான்.

என்ன நடந்தது என்பதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறான். எல்லாக் கொக்கியையும் நான்தான் மாட்டினேன். வீடியோவுக்கு வசதியாக உட்காரணும்னு அந்தப் பொண்ணு கால் பெல்ட்டைத் தானே கழட்டிடுச்சு. முதலில் முதலாளியிடம் சொன்னபோது பல் கிட்டித்துப் போயிருந்தது. போலீஸ் அதிகாரியிடம் சொன்னபோது வார்த்தைகள் வரிசையாக வந்தன. அவளுடைய அப்பாவிடம் சொன்னபோது, அவள் கை கீழே போவதும் கொக்கி திறப்பதும் அவனுக்கே கண்ணில் தெரிந்தது.

அப்பா கத்தவில்லை. சட்டையைப் பிடிக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் தேவலை. “என் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தாலே சட்டை கிழியிற மாதிரி பிடிச்சுக்குவா தம்பி,” என்றார். “வேகத்தடை வந்தா கண்ணை மூடிக்குவா. அவளா கழட்டுவா?” பிறகு, தானே பதில் சொல்லிக்கொண்டார். “என்னவோ. வயசுப் பொண்ணு. நமக்கு என்ன தெரியுது.”

இன்று கேமரா கிடைத்த செய்தி எப்படியோ அவர் காதுக்கும் எட்டிவிட்டது. “நான் இங்கயே இருக்கேன். அவளை மூஞ்சியை மூடித்தான் குடுத்தாங்க. அதுல அவ முகம் தெரிஞ்சா ஒரு தடவை காட்டுங்க. நான் போயிடுறேன்.”

பைலட் மடிக்கணினியைத் திறந்தான்.

கேமரா வருவதற்கு முன்னால் அவனுடைய கைகளுக்கு ஒரு வரிசை இருந்தது. மார்பு, இடது கால், வலது கால். ஒவ்வொரு கொக்கியையும் மாட்டி, இழுத்துப் பார்த்து, சத்தமாகச் சொல்லுவான். தூக்கத்தில் எழுப்பினாலும் கைகள் அந்த வரிசையில்தான் போகும். அப்புறம் முதலாளி இதை வாங்கி வந்தார். “நீ பறந்தது யாருக்குத் தெரியும்? படம் பறந்தாத்தான்யா தெரியும்!” அவர் சொன்னதில் தப்பில்லை. கையடக்கம். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அகன்ற லென்ஸ், ஒரு குச்சியின் நீளத்தில் பிடித்தாலே இரண்டு பேரும், கால்களும், முழு மலையும் அடங்கிவிடும். கை எவ்வளவு நடுங்கினாலும் படம் நடுங்காது. காற்றின் இரைச்சலை வடிகட்டிவிட்டு குரலை மட்டும் துல்லியமாகப் பதியும். கூட்டம் இரண்டு மடங்கானது.

குறை என்று பைலட் சொன்னதெல்லாம் சில்லறை விஷயங்கள். சீக்கிரம் சூடாகிறது, பேட்டரி நிற்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் படம் மங்குகிறது. பெரிய குறை ஒன்று இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட. கைகளின் வரிசை மாறிவிட்டது. லென்ஸைத் துடை, பேட்டரியைப் பார், சிவப்பு விளக்கு எரிகிறதா, குச்சியின் கயிற்றை அவர்கள் மணிக்கட்டில் கட்டு, சிரிக்கச் சொல். அதற்கப்புறம் மார்பு, இடது கால், வலது கால்.

கேமராவின் வயரைக் கணினியில் செருகினான். பெட்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு பதிவு இருந்தது. அதைத் தட்டினான்.

வெளிச்சம். மலையுச்சியின் புல். அவள் முகம் திரை முழுக்க வந்தது, ஹெல்மெட்டின் விளிம்பில் நெற்றி வியர்வை, கன்னத்தில் சின்னதாக ஒரு பரு, பயத்தில் வழிகிற சிரிப்பு. அவள் தோளுக்கு மேலே அவனுடைய சொந்த முகம், வாடிக்கையாளர்களுக்கு முன்னால் மாட்டிக்கொள்கிற முகம்.

“அண்ணா, கீழ விழுந்தா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது, கேமராவுக்கு கேரண்டி இருக்கு.” அவன் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள். “இங்க பாருங்க. என்ன ஆனாலும் சரி, கேமராவை மட்டும் விட்டுடாதீங்க.”

“சரிண்ணா.”

கொக்கி மாட்டும் சத்தம். மார்பு. பைலட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையருகே குனிந்தான். படத்தில் அவன் கைகள் கீழே இறங்கின, இடது பக்கம், பெல்ட்டைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டன, அப்போது லென்ஸ் சற்றுச் சாய்ந்திருப்பதைக் கண்டு அதே கைகள் மேலே வந்து குச்சியை நேராக்கின. பிறகு கீழே போகவே இல்லை. படத்தின் அடிவிளிம்பில், அவள் தொடைகளின் இரு பக்கமும், இரண்டு பெல்ட்டுகள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன.

ஓடுகிறார்கள். புல் விலகுகிறது. மலை காலடியிலிருந்து நழுவுகிறது.

அவள் இருக்கையிலிருந்து சறுக்கினாள். மார்புப் பட்டை கழுத்துக்கு ஏறியது. இடது கையால் அவன் சட்டையின் கையைப் பற்றினாள். வலது கை குச்சியை நீட்டிப் பிடித்தபடியே இருந்தது. கேமராவைப் போடு, ரெண்டு கையாலயும் பிடி என்று தான் கத்தியதாக அவனுக்கு நினைவு. படத்தில் அவன் வாய் திறக்கவில்லை. அவள் பற்றியிருந்த அவன் கை கிளைடரின் பிரேக் கயிற்றுக்காக மேலே உயர்ந்தது. அதற்காகத்தான் உயர்ந்தது. அவள் விரல்கள் துணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன.

நிறுத்தினான். வராந்தாவில் பெஞ்ச் ஒருமுறை முனகியது.

அழித்துவிட வேண்டியதுதான். ஒரு விரல் வேலை. அவன் விரல் அந்த வேலையைச் செய்தது. திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் எழுந்தது: பதிவு நடந்துகொண்டிருக்கிறது. நிறுத்திய பிறகு அழிக்கவும்.

கேமராவின் பொத்தானை அழுத்தினான். அழுத்திப் பிடித்தான். வயரைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பெட்டி இப்போது விரலால் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. கட்டம் மறைந்தது. அவன் எதையும் தொடாமலேயே படம் ஓடத் தொடங்கியது.

அவள் விழுந்துகொண்டிருந்தாள்.

முதுகு கீழே, முகம் மேலே. கேமரா அவளுக்கு மேலே, நீட்டிய கையின் முனையில். உலகம் சுழன்றிருக்க வேண்டும். ஆனால் நடுக்கத்தை நீக்கிவிடும் லென்ஸ் அது. அவள் முகம் பாஸ்போர்ட் படம் போல நடுவில் அசையாமல் நின்றது, பின்னல் மட்டும் லென்ஸை நோக்கி மேலே பறந்தது. தோளுக்குப் பின்னால் காடு, தூரத்தில், சிறியதாக. வாய் அகலத் திறந்திருந்தது. அலறல் தெளிவாகக் கேட்டது. பைலட் அந்த முடிவுக்காகக் காத்திருந்தான். அந்தச் சரிவின் உயரம் அவனுக்குத் தெரியும். இதோ. இப்போது.

முடிவு வரவில்லை.

அலறல் ஓய்ந்தது. மூச்சு தீர்ந்ததால் ஓய்ந்தது. அவள் வாயை மூடினாள். எச்சில் விழுங்கினாள். காடு அதே தூரத்தில் இருந்தது. அவள் விழுந்துகொண்டே இருந்தாள். படத்தில் வெளிச்சம் மெல்ல மாறியது, காலை மதியமானது, மதியம் மங்கியது, இருட்டியது, இருட்டில் அவள் கண்களின் வெள்ளை மட்டும் தெரிந்தது, விடிந்தது, மறுபடி இருட்டி விடிந்தது. உதடுகள் வெடித்திருந்தன. அழுது அழுது ஓய்ந்த பிறகு வருகிற ஒரு சலிப்பு அந்த முகத்தில் படிந்திருந்தது.

லென்ஸை நேராகப் பார்த்தாள்.

“அண்ணா.”

பைலட் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். சுவர் முதுகில் இடித்தது.

“நான் கழட்டினேன்னா சொன்னீங்க?”

குரலில் கோபம் இல்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்கிற குரல்.

“அப்பாகிட்டயும் அப்படியேவா சொன்னீங்க?”

“இல்ல,” என்றான் பைலட். அறையில் அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. “இல்லம்மா. நான் மறந்துட்டேன். நான்தான் மறந்துட்டேன்.”

“என்கிட்ட எதுக்கு?” என்றாள். “வெளிய போய்ச் சொல்லுங்க.”

கதவு ஐந்தடி தூரத்தில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர். எழுந்து, திறந்து, ஒரு வாக்கியம். அவன் எழுந்தான். கதவுவரை போனான். தாழ்ப்பாளில் கை வைத்தான். தொழில் போகும். ஜெயில். முதலாளி முதல் ஆளாகக் கைகழுவுவார். ஊர் காறித் துப்பும். இத்தனையும் அந்தத் தாழ்ப்பாளின் குளிர்ச்சிக்குள் இருந்தன.

தாழ்ப்பாளைப் போட்டான். உள்பக்கமாக.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் அவளுக்குப் பின்னால் இருந்த நிலம் நகர ஆரம்பித்தது.

காடு பெரிதானது. காட்டின் ஓரத்தில் பாதை. பாதையின் முடிவில் மைதானம், கம்பத்தில் அசையாமல் தொங்கும், காற்றின் திசை காட்டும் துணிப்பை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூரை. துருப்பிடித்த தகரம். மூலையில் நீலத் தார்ப்பாய். அதை விரித்து, மேலே கல் வைத்தவன் அவன்தான்.

கூரையின் முன்னால் ஒரு பெஞ்ச். பெஞ்சில் வெள்ளைச் சட்டை. படத்தில் அந்தச் சட்டை எழுந்து நின்றது. தலை நிமிர்ந்தது.

வெளியே பெஞ்சின் கால் தரையில் உராய்ந்தது.

“பாத்து வாம்மா,” என்றார் அப்பா, கதவுக்கு அந்தப் பக்கம், மாடிப்படியில் இறங்கும் குழந்தையிடம் சொல்வதுபோல. “மெதுவா. மெதுவா வா.”

பைலட் காதைப் பொத்திக்கொண்டான். கண்ணை மூட முடியவில்லை. கூரை திரையை நிறைத்தது. தகரத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. சத்தமே இல்லாமல் தகரம் கடந்துபோனது. குழல்விளக்கு. மின்விசிறியின் தூசி படிந்த இறக்கைகள். அவற்றுக்குக் கீழே ஒரு மேசை. மேசையில் ஒரு மடிக்கணினி. அதன் முன்னால் காதுகளைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கும் ஓர் ஆள்.

உச்சந்தலையில் வட்டமாக ஒரு வழுக்கை. அப்படி ஒன்று தனக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அறையில் காற்று இல்லை. ஆனாலும் அவன் தலைமயிர் கலைந்தது.

அவள் முதல் முறையாக லென்ஸிலிருந்து முகத்தைத் திருப்பினாள். மெல்லப் புரண்டு, குப்புறக் கவிழ்ந்து, கீழே பார்த்தாள். திரையில் இப்போது அவள் ஹெல்மெட்டின் பின்புறம், மேலே பறக்கும் பின்னல், விரித்து நீட்டிய ஒரு கை. அந்த விரல்களுக்கு நடுவே ஒரு தலை. நிமிர்ந்து பார்க்காத தலை. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.