இருபத்துநாலு ஜிபி மறதி

பெய்யூனின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கணவனைப் பற்றிப் புலம்புவார்கள், மீதிப் பேர் தொழில் கூட்டாளியைத் திட்டுவார்கள். ஒரு கைபேசியால் கண்ணீர் விட்டுக்கொண்டு வந்தவள் தாவ் ரோஷி ஒருத்திதான்.

வெளியே ஷென்ஜென் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீழே மூலிகைத் தேநீர்க் கடையின் கசப்பு வாடை படியேறி மேலே வந்தது. ரோஷி குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதிருக்கும். கைபேசி நிறுவனம் ஒன்றில் சோதனைப் பொறியாளர்.

"மேடம், வெள்ளிக்கிழமை எங்க தலைவர் எல்லா சப்ளையரையும் கூப்பிட்டு வெச்சு, நான் சோதனையில தில்லுமுல்லு பண்ணினேன்னு சொல்லப் போறார். அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒரு போன் கம்பெனிக்காரன்கூட என்னை வாசல்ல நிக்க விடமாட்டான். நான் ஒண்ணுமே பண்ணலை மேடம்."

"முதல்ல குடையைக் குடும்மா" என்று எழுந்தார் போதோங். பெய்யூனின் அக்கா கணவர். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். வீட்டில் இருந்தால் மனைவி காய் நறுக்கச் சொல்கிறாள் என்று மைத்துனியின் அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தவர். வந்த நாள் முதல் தம்மை உதவித் துப்பறிவாளர் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

பெய்யூன் எதற்கும் அவசரப்படாதவள். ரோஷி தேநீரைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, "இப்ப ஆரம்பத்துல இருந்து சொல்லு" என்றாள்.

விஷயம் இதுதான். நிறுவனம் தனது புதிய உயர்ரகக் கைபேசியை வெளியிட இருக்கிறது. தலைவர் லுவோ சிஷானுக்கு அதில் இருபத்துநாலு ஜிபி ரேம் போட வேண்டும், விளம்பரத்தில் அந்த எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும். ரோஷியோ பன்னிரண்டே போதும், மிச்சமெல்லாம் வாங்குகிறவன் தலையில் கட்டும் வீண் செலவு என்றாள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. ஒரே மாதிரி இரண்டு கைபேசிகள். இருபத்துநாலு ஜிபி உள்ளது லுவோவின் கையில். பன்னிரண்டு உள்ளது கணக்குப் பிரிவு மெங்ஜியின் கையில். இரண்டின் முதுகிலும் முத்திரை ஒட்டி, ஒரு வாரம் சொந்தக் கைபேசி போலவே புழங்க வேண்டும்.

"பன்னிரண்டு ஜிபி போன் ஒண்ணைக்கூட மறக்கலை. இருபத்துநாலு ஜிபி போன் எல்லாத்தையும் மறந்துடுச்சு" என்றாள் ரோஷி. "அதான் நான் உள்ள இருக்கற ரேம் சில்லை மாத்திட்டேன்னு சொல்றார்."

"மறக்கறதுன்னா என்ன?" என்றாள் பெய்யூன்.

"இதுகூடத் தெரியாதா உனக்கு!" என்று போதோங் குதூகலமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரேம்ங்கறது சமையல் மேடை மாதிரி. பெருசா இருந்தா எடுத்த பாத்திரம் எடுத்தபடி இருக்கும். சின்னதா இருந்தா ஒண்ணை உள்ள வெச்சாதான் அடுத்ததை எடுக்க முடியும். பாதி எழுதின சேதி, பாதி ஆடின ஆட்டம், திரும்பி வந்து பார்த்தா எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். அதான் மறதி."

"அத்தான் சமையல் மேடை பக்கம் போயிருக்கீங்களா என்ன?" என்றாள் பெய்யூன். ரோஷிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"சில்லை மாத்த உன்னால முடியுமா?"

ரோஷியின் முகம் மறுபடி சுருங்கியது. "என்னால முடியாது. என் அண்ணனால முடியும். ஹுவாச்சியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில போன் சில்லு மாத்துற கடைதான் வெச்சிருக்கான். அந்த வாரம் நான் அவன் கடைக்குப் போனது நிஜம். அம்மா வெச்ச சூப்பைக் குடுக்கப் போனேன். அதை எங்க ஆள் ஒருத்தன் பார்த்துட்டான்."

மறுநாள் காலை நான்ஷான் பகுதியில் லுவோவின் அறையில் பெய்யூனும் போதோங்கும் உட்கார்ந்திருந்தார்கள். லுவோ பருத்த உடம்பு, உரத்த குரல், ஓரிடத்தில் உட்காராத கால்கள். துப்பறிகிறவர்களை உள்ளே விட்டதே பெரிய தயவு என்ற தோரணையில் இருந்தார்.

"அந்தப் பொண்ணை நான் பொண்ணு மாதிரி நினைச்சேன். கெட்டிக்காரி. இப்படிக் கழுத்தறுப்பான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம் இருந்தது.

"உங்க போனே இருபத்துநாலுன்னு காட்டுதே?" என்றார் போதோங்.

"அந்த எண்ணை மாத்தறதுக்கு அவ அண்ணன் இருக்கற சந்தையில ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்யா. சில்லு மேல இருக்கற எழுத்தைச் சுரண்டிட்டு வேற எழுதறவனும் அங்க இருக்கான். முத்திரையாவது மண்ணாவது!"

"போன்ல என்ன நடந்ததுன்னு பதிவு இருக்குமே" என்றாள் பெய்யூன்.

"பதிவை அணைக்கச் சொன்னதே நான்தான். நான் யாரோட என்ன பேசறேன்னு சோதனைக்கூடத்துக்கு எதுக்கு?"

பெய்யூன் கைபேசியைக் கேட்டு வாங்கினாள். திரையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடியின் நடுவில், கீழிருந்து மேலாக, எண்ணெய்க் கறை ஒன்று நீளமாக இழுபட்டிருந்தது. ஒரே தடத்தில் பலமுறை இழுத்த கறை.

"எப்பல்லாம் மறந்தது?"

"எப்ப மறக்கலைன்னு கேளுங்க! ஆபீஸ்ல, சப்ளையரோட சாப்பிடற இடத்துல, எங்க எடுத்தாலும் எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். மேப், விளையாட்டு, கால்குலேட்டர் உட்பட. ஞாயித்துக்கிழமை மட்டும் சமத்தா இருந்தது. மகளோட படகுல மீன் பிடிக்கப் போனேன். தண்ணியில விழுந்துடக் கூடாதுன்னு அன்னைக்கு முழுக்கக் கழுத்துலயே மாட்டியிருந்தேன். கவனிங்க, அன்னைக்கு ரோஷி ஊர்லயே இல்ல!" லுவோ வெற்றிப் பார்வை பார்த்தார்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. வெளியார் இருக்கும் மேசையில் எவர் கைபேசியிலும் எதுவும் திறந்திருக்கக் கூடாது. பெய்யூன் அதையே பார்ப்பதைக் கண்டு லுவோ தலையை ஆட்டினார்.

"ஒரு வருஷம் முன்னால விருந்துல எங்க கேமரா வரைபடம் ஒருத்தன் போன்ல திறந்தே கிடந்தது. எதிர்க் கம்பெனிக்காரன் எட்டிப் பார்த்துட்டான். எங்களுக்கு முன்னால அவன் வெளியிட்டான். அன்னையில இருந்து நான் போட்ட விதி இது. மத்தவனை விடுங்க, என் மேசையில ஒரு எழுத்து திறந்து கிடந்து எவனும் பார்த்ததில்ல."

திரும்பும் ரயிலில் போதோங்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கண்டுபிடிச்சிட்டேன்! சில்லை மாத்தலை. எங்கேயோ உக்காந்துகிட்டே அந்தப் போனை ஆட்டிப் படைச்சிருக்கா. அதான் அவ ஊர்ல இல்லாத அன்னைக்கு போன் ஒழுங்கா இருந்தது."

"ஊருக்குப் போனா அங்கேயும் இணையம் இருக்குமே அத்தான்."

போதோங் விரல்விட்டு எதையோ எண்ணினார். ஒரு நிலையம் தாண்டியதும் நிமிர்ந்தார். "அப்ப அண்ணன்தான்!"

"இடம் பத்தாத போன் எதை முதல்ல தூக்கிப் போடும்? பெருசையா, சின்னதையா?"

"பெருசைத்தான். இல்லன்னா ரொம்ப நாழியா தொடாததை."

"கால்குலேட்டர் எவ்வளவு இடம் பிடிக்கும்? அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கு" என்றாள் பெய்யூன். "மேடை சின்னதா இருந்தா பெரிய அண்டாதான் உள்ள போகும். ஒரு ஸ்பூன் விடாம காணாமப் போச்சுன்னா, மேடையை யாரோ துடைச்சிருக்காங்க." யார் என்று கேட்டு, போதோங் வீடு வந்து சேரும் வரை நச்சரித்துப் பார்த்து ஓய்ந்தார்.

வியாழக்கிழமை மதியம், மேசை நடுவில் கொதிக்கும் சூப்பில் அவரவரே இறைச்சியை வேகவைத்துச் சாப்பிடும் சாவ்ஷான் பாணிக் கொதிகலக் கடையில் தனி அறை ஒன்றை பெய்யூன் பிடித்திருந்தாள். வட்ட மேசையில் லுவோ, அவருக்கு எதிரில் ரோஷி, நடுவில் மெங்ஜி, பெய்யூனின் பக்கத்தில் போதோங். மெங்ஜி நடுவயதுக்காரி. எதிலும் பட்டுக்கொள்ளாதவள்.

"குற்றவாளி யாருன்னு சொல்றேன்னீங்க, வந்தேன். சாப்பிட வரலை" என்றார் லுவோ. சொல்லிக்கொண்டே தொட்டுக்கொள்ளும் சாட்சா சாஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஆகட்டும்" என்றாள் பெய்யூன். "மெங்ஜி அக்கா, நீங்க போன்ல என்னெல்லாம் பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? சேதி அனுப்புவேன், காசு கட்டுவேன், நாடகம் பார்ப்பேன். திறந்ததை மூடற வழக்கமே கிடையாது. எங்க வீட்டு அலமாரிகூட அப்படித்தான்."

"சார், நீங்க போனைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நான் சொல்றதைத் திறங்க. கீழ மட்டும் வைக்காதீங்க."

லுவோ முனகிக்கொண்டே திறந்தார். பெரிய விளையாட்டு இரண்டு. பாதி வெட்டின வீடியோ. மேப். கேமரா. கைபேசிக்குள்ளேயே குடியிருந்து ரேமில் ஒரு மூலையை எப்போதும் பிடித்து வைத்திருக்கும் அந்தச் செயற்கை அறிவு உதவியாளர். கடைசியாக, கால்குலேட்டரில் ஒரு கணக்கு.

"இப்ப முதல் விளையாட்டுக்குத் திரும்பிப் போங்க."

ஆட்டம் விட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வீடியோவும் மேப்பும் அப்படியே இருந்தன. லுவோவின் புருவம் உயர்ந்தது.

"ரோஷி, பன்னிரண்டு ஜிபியில இவ்வளவும் நிக்குமா?"

"சத்தியமா நிக்காது மேடம். ரெண்டாவது விளையாட்டு திறக்கறப்பவே முதல் விளையாட்டு போயிருக்கும்."

"அப்ப உள்ள இருக்கறது இருபத்துநாலுதான். யாரும் எதையும் மாத்தலை."

"இப்ப நிக்குது! அப்பல்லாம் ஏன் நிக்கலை?" லுவோ குரலை உயர்த்தினார். அந்த நேரம் கடைப் பெண் இறைச்சித் தட்டுகளை ஏந்தி உள்ளே வந்தாள். லுவோ கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தார். ஒரு துண்டைக் கொதிக்கும் சூப்பில் முக்கி எடுத்து வாயில் போட்டார்.

"இப்ப எடுத்துப் பாருங்க சார்."

லுவோ எடுத்தார். விளையாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. வீடியோ காணவில்லை. மேப் காணவில்லை. கால்குலேட்டரில் ஒரு பூஜ்யம் மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! உங்க கண்ணு முன்னாலயே!" லுவோ துள்ளி எழுந்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

"தலைவரே" என்றாள் மெங்ஜி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. "நீங்களேதான் துடைச்சீங்க."

"யாரு? நானா?"

"கடைக்காரப் பொண்ணு கதவைத் திறந்ததும் உங்க கட்டைவிரல் கீழ இருந்து மேல ஒரு இழுப்பு இழுத்தது" என்றாள் பெய்யூன். "உங்க போன்ல அந்த ஒரு இழுப்புல திறந்ததெல்லாம் மூடிடும். எல்லாத்தையும் மூடிட்டு அப்புறம்தான் கவிழ்த்து வெச்சீங்க. வெளியாள் வந்தா ஒண்ணும் திறந்திருக்கக் கூடாது. உங்க விதி. ஒரு வருஷமா கடைப்பிடிச்சு, இப்ப உங்க கை உங்களைக் கேக்கறதே இல்ல. நேத்து உங்க திரையில எண்ணெய்க் கறை ஒரே தடத்துல மேல போயிருந்தது. ஞாயித்துக்கிழமை போன் கழுத்துல தொங்குச்சு, மேசையில வைக்கலை. அதனால ஒண்ணும் மறக்கலை."

"சும்மா கதை விடாதீங்க. நான் அப்படிச் செஞ்சா எனக்குத் தெரியாதா?"

"இன்னொரு தடவை திறங்க."

லுவோ வீம்பாக எல்லாவற்றையும் மறுபடி திறந்தார். நான்கு ஜோடிக் கண்களும் அவர் கையையே பார்த்தன. அவரும் தம் கையையே பார்த்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீரைத் தட்டோடு கடைப் பெண் நின்றாள். லுவோ கைபேசியைக் கீழே கொண்டுபோனார். மேசையைத் தொடுவதற்குள் அவரது கட்டைவிரல் திரையின் அடியில் போய் நின்று, பாதி தூரம் மேலே ஏறி, சட்டென்று நின்றுவிட்டது.

"அடேயப்பா!" என்று கத்திவிட்டார் போதோங்.

லுவோ உட்கார்ந்தார். வெகுநேரம் தம் கட்டைவிரலை யாரோ ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"ரோஷி" என்றார் கடைசியில். "நாளைக்குக் கூட்டம் கிடையாது. உன் சம்பளத்தை ஏத்திடறேன். இதோட விட்டுடலாம்."

"சம்பளம் வேண்டாம் சார்." ரோஷி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஜியாங் சார்கிட்ட ஏற்கெனவே என்னை மோசடிக்காரின்னு சொல்லிட்டீங்க. வேற வேலை தேடலாம்னு கூப்பிட்டா, அவர் என் போனையே எடுக்க மாட்டேங்கறார். அவர்கிட்ட இல்லன்னு சொல்லுங்க. இப்ப, இங்க."

ஜியாங் போட்டி நிறுவனத்து மேலாளர். அவரிடம் தம் வாயால் தோல்வியைச் சொல்வதைவிட லுவோ போன்றவர்கள் பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். லுவோ பெய்யூனைப் பார்த்தார். அவள் உதவவில்லை, இறைச்சியை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்லக் கைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து அழைத்தார்.

"ஜியாங், அந்தப் பொண்ணு பத்திச் சொன்னேனே. அது தப்பு. அவ ஒண்ணும் பண்ணலை."

"அப்படியா? பின்ன தப்பு யாருது?"

லுவோ சாஸ் கிண்ணத்தை அப்பால் தள்ளினார்.

"என்னுது" என்றார் லுவோ.

மறுமுனையில் ஒரு நீளமான சிரிப்பு. "அப்படின்னா அவளை எங்களுக்குக் குடுத்துடுங்க லுவோ. இருபத்துநாலு ஜிபி தலைவரை எதிர்த்துப் பேசற ஆள் எங்களுக்கும் வேணும்."

"அதெல்லாம் குடுக்க முடியாது!"

"அதை நான்ல சொல்லணும், சார்" என்றாள் ரோஷி.

ரோஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியின் பக்கம் சாய்ந்தாள். "ஜியாங் சார், இப்ப வர முடியாது. பன்னிரண்டு போதும்னு நான் வாதாடினதும் செல்லாது. அந்தப் பக்கம் துடைச்ச போன், இந்தப் பக்கம் நாடகம் மட்டும் பார்த்த போன். எவ்வளவு வேணும்னு இன்னும் யாருக்கும் தெரியலை. அது தெரிஞ்சதுக்கு அப்புறம் யோசிக்கறேன்."

அழைப்பு முடிந்தது. லுவோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப மறுபடி சோதனையா? எனக்கு எந்தப் போன்?"

"உங்களுக்குப் போனே கிடையாது சார்" என்று சொல்லிவிட்டு, ரோஷி குச்சிகளை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.