பாண்டுப்பில் நிற்காத கார்

டிங்!

உதுமான் துள்ளி விழுந்தான். கழுவிக்கொண்டிருந்த கையிலிருந்து சோப்பு நழுவி ஓடியது.

ஒன்றே கால் மணி நேரத்துக்கு முன்னால் கொலை செய்துவிட்டு வந்தவனுக்கு எந்தச் சத்தமும் சின்னச் சத்தம் இல்லை...

செல்போனோடு குளியலறை வாசலுக்கு வந்தாள் அவன் மனைவி ஃபர்ஸானா.

"மச்சான், பாண்டுப்ல காருக்கு சார்ஜ் போட்டியளா?"

"பாண்டுப்பா? அம்புட்டு தூரத்துல எனக்கென்ன சோலி?"

"என் கார்டுல ஆயிரத்து நூத்தி எம்பத்தாறு ரூபா எடுத்திருக்கான். ரெண்டு அஞ்சுல இருந்து ரெண்டு அம்பது வரைக்கும் சார்ஜ் ஏத்துனதா மெசேஜ் வந்திருக்கு."

"எவனோ தப்பா போட்டிருக்கான். விடாம கேளு."

கேளு என்று அவன் வாயாலேயே சொன்னான்!

அடுத்த நிமிடம் மறுபடியும் போன். இந்த முறை பக்கத்துச் சுனாபட்டியிலிருந்து. ஃபர்ஸானாவின் அண்ணன் ஷேக் பரீத், தான் குடியிருந்த கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து விழுந்து கிடப்பதாக வாட்ச்மேன் சொன்னான். உயிர் இல்லை.

"காக்கா..!"

அண்ணனைக் கூப்பிட்ட அந்தக் குரல் தாராவியின் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. உதுமான் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தான். கை இன்னும் ஈரமாக இருந்தது.

மச்சினனும் மச்சானுமாகப் பதினொரு வருடம் தோல் பை பட்டறை நடத்தியவர்கள். பட்டறை இருந்த இடத்தை ஷேக் பரீத்தின் கையெழுத்தைத் தானே போட்டு பில்டருக்கு விற்றிருந்தான் உதுமான். அது தெரிந்துபோய், "நாளைக்குப் போலீஸுக்குப் போறேன்" என்றான் ஷேக் பரீத்.

நாளை வரவில்லை.

* * *

மறுநாள் அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் சப் இன்ஸ்பெக்டர் வானமாமலை வந்தார். மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்தவர். மராத்தியில் எழுதுவார், ஹிந்தியில் திட்டுவார், தமிழில் விசாரிப்பார்.

கழுத்தில் விரல் தடம் இருப்பதாகச் சொன்னார். தவறி விழவில்லை... தள்ளியிருக்கிறார்கள்.

"தப்பா நினைக்காதீங்க பாய், எல்லாரையும் கேக்கறதுதான். நேத்து ரெண்டரைக்கு எங்க இருந்தீங்க?"

பட்டறை என்றால், உதுமான் அங்கே இல்லை என்று பதினாலு வேலையாட்கள் சொல்வார்கள். வீடு என்றால் ஃபர்ஸானா இருக்கிறாள். வேறு எங்கே..?

பளிச்!

"பாண்டுப்ல சார். காருக்கு சார்ஜ் போட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு அஞ்சுல இருந்து ரெண்டு அம்பது வரைக்கும். கார்டுல ரூபா போயிருக்கு, பாருங்க."

வானமாமலை ஃபர்ஸானாவிடம் போனை வாங்கிப் பார்த்தார். மெசேஜைப் படம் எடுத்துக்கொண்டார்.

"பக்கா" என்றார். உதுமானின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

ஃபர்ஸானா போனைத் திரும்ப வாங்கி, அந்த மெசேஜை இன்னொரு முறை படித்தாள்.

அவர் போனதும் உதுமான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த நேரத்தில் மாட்டுங்காவில் ஒரு தோல் வியாபாரியோடு இருந்ததாகவும், அந்த ஆளைப் போலீஸ் விவகாரத்தில் இழுக்க வேண்டாமே என்றுதான் மாற்றிச் சொன்னதாகவும் விளக்கினான்.

"சரி மச்சான்" என்றாள். அவ்வளவுதான்.

அல்லா காப்பாற்றினான் என்று நினைத்தான். நினைத்தது ஒரு ராத்திரிதான் நிலைத்தது.

* * *

காலையில் அவளுடைய குரல் கேட்டுத்தான் கண் விழித்தான்.

ஃபர்ஸானா சார்ஜிங் கம்பெனியோடு ஹிந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புகார் நம்பர் கேட்டாள். மேலதிகாரியின் பெயர் கேட்டாள். பில் சரியாகத்தான் இருக்கிறது என்று அந்தப் பக்கம் சொன்னதும், பாண்டுப் கேமராவில் வண்டியின் நம்பரைப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி கேட்டாள்.

உதுமான் எழுந்து அவள் பக்கத்தில் வந்தான்.

"ஏ ஃபர்ஸானா, காக்கா மவுத்தாகி ரெண்டு நாளு ஆகல. இப்ப இந்த ரூபாதான் பெருசா?"

"ஆஸ்பத்திரி பில்லிங்ல பன்னெண்டு வருசமா இருக்கேன் மச்சான். தப்பு பில்லை ஒரு தடவ விட்டா, அடுத்த மாசமும் வரும்."

"நான் தாரேன் அந்த ரூபாய. ரெண்டாயிரமா தாரேன்."

"உங்க ரூபா எனக்கு எதுக்கு?"

"போலீஸ்ல அந்த பில்லைத்தானே காட்டிருக்கேன்? அது இல்லன்னு ஆச்சுன்னா என்னைத்தான் பிடிப்பான்."

"நீங்கதான் எதும் செய்யலியே. பெறகு என்ன பயம்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பட்டறைக்குப் போனான். உட்கார முடியவில்லை. அறுபதடி ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். கம்பெனிக்கு அவனே போன் போட்டு, வீட்டில் தெரியாமல் புகார் கொடுத்துவிட்டார்கள், மூடிவிடுங்கள் என்றான். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மூட முடியும் என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லிவிட்டாள்.

காரும் ஃபர்ஸானா பெயரில்தான். கார் எங்கே போனது, எத்தனை நிமிடம் நின்றது என்று காட்டும் ஆப்பும் அவள் போனில்தான்..!

அவள் தொழுகையில் இருந்தபோது அந்தப் போனை எடுத்தான். நாலு எண்களை அழுத்தினான்.

திறக்கவில்லை. பதினொரு வருடமாக மாறாத எண், இப்போது மாறியிருந்தது.

சலாம் கொடுத்து முடித்த ஃபர்ஸானா திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்காச்சும் பேசணுமா மச்சான்?"

"மணி பாத்தேன்."

எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பேங்கிலும் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான்காம் நாள் கம்பெனியிலிருந்து, விசாரிக்கிறோம் என்று பதில். உதுமானுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பையைக் கட்டினான்.

ஆறாம் நாள் மதியம், கையில் பையோடு கதவைத் திறந்தான்.

வாசலில் வானமாமலை. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"கிளம்பிட்டீங்களா பாய்? நல்லதாப் போச்சு, துணிமணி எடுக்க நேரம் ஆகாது."

"எ... என்ன சார்?"

அவர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். பாண்டுப் சார்ஜிங் நிலையத்தில் அன்றைக்குக் கம்பெனியின் ஆப் வேலை செய்யவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் வண்டி நம்பரின் கடைசி நாலு எண்ணைக் கையால் அடித்து மெஷினை ஓடவிட்டிருக்கிறார்கள். அதே நாலு எண்ணில் முடியும் வேறு யாருடைய காரோ குடித்த மின்சாரம், ஃபர்ஸானாவின் கார்டில் ஏறிவிட்டது. கேமராவைப் பார்த்து கம்பெனியே எழுத்தில் ஒப்புக்கொண்டு, பணத்தையும் திருப்பிவிட்டது.

"உங்க காரு ரெண்டு பத்துல இருந்து ரெண்டு நாப்பது வரைக்கும் சுனாபட்டில நின்னிருக்கு பாய். ஷேக் பரீத் பில்டிங்குக்குப் பின்னாடி. காரோட ஆப்ல அப்படியே இருக்கு. உங்க பீவிதான் ரெண்டையும் கொண்டு வந்து குடுத்தாங்க."

பை கீழே விழுந்தது. உதுமான் மனைவி பக்கம் திரும்பினான். முகம் கோணியது.

"பாவி... ஆயிரத்து நூத்தி எம்பத்தாறு ரூபாய்க்கு என்னைத் தூக்கில ஏத்திட்டியே..."

ஃபர்ஸானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ரூபா எனக்கு வேண்டாம்னு முதல் மெயில்லயே எழுதிட்டேன் மச்சான்... பாண்டுப்ல நின்னது எங்க காரு இல்லன்னு ஒரு வரி மட்டுந்தான் கேட்டேன்."