தொண்ணூறு நாள் விதி

"ஏங்க... எங்க ஊர்க்காரங்கள இப்படி ஒரேயடியா அழிச்சிட்டா எப்படிங்க?"

சென்னை மாநாட்டில் பின்வரிசையிலிருந்து வந்த அந்தக் குரல் இருதயசெல்விக்குச் சுர்ரென்று கோபத்தை மூட்டியது. அவளுக்கு வேலை திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில். எந்த வாடிக்கையாளர் மறுபடி வருவார், யார் வரமாட்டார் என்று பழைய பில்களை வைத்துக் கணிக்க வேண்டும். அந்த பிரெடிக்டிவ் அனலிடிக்ஸ் பற்றித் தமிழில் வலைப்பூவும் எழுதினாள். அதனால்தான் இந்த மேடை. தொண்ணூறு நாள் கடைக்கு வராதவர் போய்விட்டவர், கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்... அதுதான் அவள் வகுத்த விதி.

"கரும்பு வெட்டு வந்தா வளவனூர்ல நாங்க மூணு மாசம் கடைப்பக்கமே எட்டிப் பாக்கமாட்டோம். போயிட்டோம்னு அர்த்தமா?"

அரங்கம் சிரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது.

அன்று மாலை விழுப்புரம் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலி. பக்கத்தில்... அதே ஆள்! வெளியே நல்ல மழை.

"உங்க பதிவுல ஞாயித்துக்கெழமை தவறாம கமெண்ட் போடுறது நான்தாங்க. ஸ்டீபன்ராஜ். உரக்கடையில கம்ப்யூட்டர் பாக்குறேன், வெட்டு வந்தா கழனிக்குப் போயிடுவேன்."

"ஓ... வாராவாரம் தப்பு கண்டுபுடிக்கிற மகராசன் நீங்கதானா?"

"ரெண்டு வருஷமா ஒரு வாரம் வுடாம படிக்கிறேனே... அத பாக்கமாட்டீங்களா?"

கேலியும் கூச்சமும் கலந்த கண்கள். அவளால் வெகுநேரம் பார்க்க முடியவில்லை. திண்டிவனம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கவே வேண்டாம். அவள் இறங்கும்போது, "வெட்டு முடியட்டும்... வந்து..." என்று இழுத்தான். அதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கமெண்ட் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கமெண்டோடு வந்த அவன் மின்னஞ்சல் முகவரி அவளிடம் இருந்தது. 'நலமா?' என்று ஒருநாள் எழுதினாள். நான் ஏன் முதலில் கேட்க வேண்டும் என்று உடனே அழித்தாள். தொண்ணூறாவது நாள் அப்பா சொன்ன மாப்பிள்ளைக்குச் சரி என்று தலையாட்டினாள்.

ஈஸ்டர் முடிந்த பிறகு மாதா கோவிலில் மூன்று ஞாயிறு அவள் கல்யாண ஓலையை அறிவிப்பாக வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு, "தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று பங்குச் சாமியார் வாசித்து முடித்தபோது ஏனோ திரும்பிப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சில் அவன். கறுத்து, இளைத்து... பக்கத்தில் பூவும் பழமும் வைத்த தட்டோடு அவன் அம்மா.

பூசை முடிந்ததும் வாசலுக்கு ஓடினாள்.

"வெட்டு முடிஞ்சிது... அதான் உங்கப்பாவ பாக்கலாம்னு அம்மாவ இட்டுக்கினு வந்தேன்."

"ஒரு வரி எழுதக்கூடாதா?" என்றாள்.

"மூணு மாசம் ஆவும்னு அன்னிக்கே சொன்னேனேங்க... உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

சொன்னான்தான். அத்தனை பேர் முன்னால், அவளிடம்தான் சொன்னான்.

"பரவால்ல... நல்லா இருங்க." அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"ஸ்டீபன்..." முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "அன்னிக்கு பஸ்லயே எனக்கு உங்கள புடிச்சிப் போச்சி. தெனம் உங்களத்தான் எதிர்பாத்தேன்... நான்தான் அவசரப்பட்டு உங்கள கணக்குலேர்ந்து எடுத்துட்டேன்."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

"நான் போவவே இல்லீங்களே..." என்றான்.